நாலு விரல்

அளவெடுக்கும்போது
நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில்
இரண்டு விரல் விடுவது தொழில் வழக்கம்.
நான் நாலு விடுகிறேன்.
சுன்னாகம் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்:
"குகபாலன்ரை சட்டை தொளதொளக்கும்,
ஆனா மூண்டு தீபாவளிக்குப் போடலாம்."

காரணம் துணியில் இல்லை.

எனக்கு எட்டு வயது. நீர்வேலி.
வேலியடைப்புக் காலம்.
பழைய கதியால்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.
ஆட்கள் விடிய வருவார்கள் என்று பேச்சு.
இரவு ஐயா என்னைத் தட்டி எழுப்பினார்.
அவர் கையில் அலவாங்கு
என் கையில் ரோச் லைற்.
"ஆட்டாமல் பிடி."
வேறொன்றும் சொல்லவில்லை.

பழைய குழியின் விளிம்பில் கையை வைத்து
கட்டைவிரலை மடக்கி
நாலு விரல் அளந்தார்.
அளந்தது அந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் சிவக்கொழுந்தக்காவின் வளவு.
புருசன் செத்து
ஆண்டுத் திவசம் இன்னும் முடியவில்லை.

குழி குழியாக நகர்ந்தோம்,
கிணற்றடியிலிருந்து ஒழுங்கை வரை.

எனக்குப் பெருமையாக இருந்தது.
இதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொல்ல முடியாது.
அண்ணனை எழுப்பாமல் என்னை எழுப்பியிருக்கிறார்.
காலருகே பூரான் ஒன்று போயிற்று.
அதற்கும் வெளிச்சம் ஆடவில்லை.

விடிய
வேலியடைக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவ
சிவக்கொழுந்தக்காதான்.
எனக்கும் ஒரு பேணி ஊற்றித் தந்துவிட்டு
முகத்தைப் பார்த்தா.
"தம்பிக்கு ராத்திரி நித்திரை இல்லைப்போலை.
கண் சிவந்திருக்கு."
குடித்தேன்.
சீனி நிறையப் போட்டிருந்தா.

பிறகு தொண்ணூற்றைந்தில் எல்லாரும் போனோம்.
தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது
வேலி இல்லை. கதியால் இல்லை.
எரிந்ததோ, யாரும் விறகுக்கு எடுத்ததோ.
இரண்டு வளவும் ஒரே பற்றை.
கிணற்றுக் கட்டு மட்டும் மிச்சம்.

அவதான் முதல் தடியை ஊன்றினா.
கிணற்றிலிருந்து காலடி எண்ணி வந்து
அந்த இரவு நாங்கள் நட்ட இடத்திலேயே,
ஒரு விரல் பிசகாமல்.
"இதுதானே அண்ணை எல்லை?"

ஐயா நிலத்தைப் பார்த்தார்.
நான் ஐயாவைப் பார்த்தேன்.
உச்சி வெயில்.
ரோச் தேவைப்படவில்லை.
எனக்கு அப்போது எட்டு வயதுமில்லை.
"ஓம்" என்றார் ஐயா.
நான் அதற்கு மேலே ஒரு சொல் வைத்திருக்கலாம்.

அவவுக்குத் தெரியுமா?
கேட்காமலே ஜேர்மனிக்கு மகளோடு அனுப்பிவிட்டேன்.
வளவை வாங்கியவன் மதில் கட்டிவிட்டான்.

கோடு கீறுகிறவன் எவனும்
தன் பக்கம் பார்த்துத்தான் கொஞ்சம் சறுக்குவான்.
நான் கண்ட ஒரே உண்மை இது.
அதனால் நான் கீறவேண்டி வந்தால்
முன்கூட்டியே நாலு விரலை எதிர்ப்பக்கம் கொடுத்துவிடுகிறேன்.
பஸ் சீற்றில், கொடுக்கல் வாங்கலில்,
தங்கச்சிக்குக் காணி எழுதியபோது.
வெட்டிய துணியில் விரற்கடை மிஞ்சினாலும்
பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்.

தாராளம் என்று நினைக்கவேண்டாம்.
கடனுக்கு வட்டி.

சுகிர்தா சொல்வாள்:
"சண்டையிலையாவது முழுசா நில்லுங்கோவன்.
பாதியிலை விட்டுக்குடுத்தா நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"
அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.
பக்கத்துக் கடைக்காரன்
தன் பலகையை என் வாசலுக்குள் ஒரு முழம் தள்ளிவிட்டான்.
தள்ளும்போது நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.
மறுமுனையைப் பிடித்து உதவியும் செய்தேன்.

நேற்று இரவு கரண்ட் இல்லை.
மெசினுக்கடியில் ஊசி விழுந்துவிட்டது.
அவள் குனிந்து தேட
நான் போனை உயர்த்தி வெளிச்சம் பிடித்தேன்.
"ஆட்டாமல் பிடியுங்கோ" என்றாள்.

முடியவில்லை.
சுவரெல்லாம் நிழல் ஓடியது.
"வயசு போட்டுது உங்களுக்கு" என்று சிரித்தாள்.

அன்றைக்கு ஆடியிருக்கவேண்டிய கை.